எழுவான்கரையில் தாழ் மீடிறன் செலுத்தி: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

அமெச்சூர் வானொலியின் 2200 மீற்றர் பட்டை 135.7 முதல் 137.8 கிலோஹேர்ட்ஸ் வரையும், 630 மீற்றர் பட்டை 472 முதல் 479 கிலோஹேர்ட்ஸ் வரையும் உள்ள மிகக் குறுகிய இரு துண்டுகளாகும். முன்னதை 2007ஆம் ஆண்டின் உலக வானொலித் தொடர்பு மாநாடும் பின்னதை 2012ஆம் ஆண்டின் மாநாடும் ஒதுக்கின. இவற்றுக்கான ஆயத்தச் செலுத்திகள் கடைகளில் அரிது. ஆகவே ஏடி9850 போன்ற, அலையை எண்முறையில் பிறப்பிக்கும் டீடீஎஸ் சில்லு ஒன்று, அதற்குக் கட்டளையிடும் ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை, மின்னைத் திறந்து மூடும் சில மொஸ்ஃபெற் திரான்சிஸ்ரர்கள், கையால் சுற்றிய பெரிய சுருள் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே கட்ட வேண்டியுள்ளது. அப்படிக் கட்டிய செலுத்தி வேலை செய்யாதபோது எங்கே தேடுவது என்பதற்கானது இந்த வழிமுறை. மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை நீளும் எழுவான்கரையின், அதாவது கிழக்குக் கடற்கரையின், உப்புக்காற்றையும் மணலையும் மாரி மழையையும் மனத்திற் கொண்டே இதனை எழுதுகிறேன்.

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, உரிய அனுமதிப்பத்திரம் இன்றி எந்த அலையையும் அன்ரனாவுக்குச் செலுத்தலாகாது. உங்கள் அனுமதிப்பத்திரத்தில் இந்தப் பட்டையும் அதற்குரிய சக்தி வரம்பும் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே அன்ரனாவை இணையுங்கள். இல்லாவிடின், கீழே கூறப்படும் சோதனைகளிற் பெரும்பாலானவற்றை, அன்ரனாவுக்குப் பதிலாகச் சக்தியை வெப்பமாக்கி விழுங்கும் போலிச்சுமையிலேயே செய்து முடிக்கலாம். 2 வாற்று, 1 கிலோஓம் தடையிகள் 20ஐச் சமாந்தரமாக இணைத்தால் 50 ஓம், 40 வாற்றுப் போலிச்சுமை கிடைக்கும். கம்பி சுற்றிய தடையிகள் வேண்டாம். அவற்றின் தூண்டற்றிறன் உங்கள் அளவீட்டைக் கெடுக்கும்.

இந்தச் செலுத்திகளில், பிழை வெளிப்படும் இடமும் அது பிறக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. நிரல் உறைந்தால் காரணம் புவித்தொடுப்பாக இருக்கும். மொஸ்ஃபெற் எரிந்தால் காரணம் டீடீஎஸ் பலகையின் பின்னால் நடுங்கும் ஒரு சதுர அலையாக இருக்கும். ஆதலால் அலை பிறக்கும் பலகை, அதனைச் சதுரமாக்கி, மொஸ்ஃபெற்றைத் திறக்கும் முனையான கேற்றுக்குத் தள்ளும் பகுதி, சக்தி விரியலாக்கியும் வடிகட்டியும், சுருளும் அன்ரனாவும் புவித்தொடுப்பும் என நான்கு கண்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மூட்டிலும் கழற்றி, முன்னதை அளந்து உறுதிசெய்த பின்னரே அடுத்ததை இணைக்க வேண்டும். எதையும் மாற்றுவதற்கு முன் அளப்பதே இங்கு விரைவான வழி.

டீடீஎஸ் பலகையில் அலையே இல்லை

முதலில் மின்வழங்கலைப் பாருங்கள். ஏடி9850 சில்லு 125 மெகாஹேர்ட்ஸ் கடிகாரத்தில் ஓட 5 வோல்ற்று வேண்டும், 3.3 வோல்ற்றில் அதன் வரம்பு 110 மெகாஹேர்ட்ஸ் மட்டுமே. 5 வோல்ற்றில் ஓடும் சில்லோ, தனக்கு வரும் கட்டளைக் கோடுகளில் 3.5 வோல்ற்றுக்குக் குறைந்ததை நம்பகமாக ஏற்காது. ஆகவே 3.3 வோல்ற்று நுண்கட்டுப்படுத்தியை நேரடியாக இணைத்தவர்களுக்கு, மேசையில் ஒரு நாள் வேலை செய்து மறுநாள் மௌனமாகும் பலகை வாய்ப்பது இயல்பு. கட்டளைகளை 5 வோல்ற்று மட்டத்துக்கு உயர்த்தும் 74எச்சிரி வகைச் சில்லு ஒன்றை இடையே வைத்தால் அது தீரும்.

வழங்கல் சரியெனில், மீளமைப்புக்குப் பின் கடிகாரத் துடிப்பு ஒன்றும் புதுப்பிப்புத் துடிப்பு ஒன்றும் அனுப்பப்பட்டுத் தொடர்முறைக்கு மாற்றப்படுகிறதா என்று நிரலைச் சரிபாருங்கள். அதன்பின் அனுப்பும் 40 பிற்றுகளில் முதல் 32 மீடிறனுக்கானவை, எஞ்சிய எட்டு கட்டுப்பாட்டுக்கும் அவத்தைக்குமானவை. அந்த எட்டில் முதலிரண்டும் ஏடி9850இல் பூச்சியமாகவே இருக்க வேண்டும். ஏடி9851க்கு எழுதிய நிரல் முதற் பிற்றை ஒன்றாக்குவதால், ஏடி9850 தொழிற்சாலைச் சோதனை நிலைக்குள் சென்றுவிடும். சில்லு பழுதென்று எண்ணிப் பலர் அதைக் கழற்றி எறிவது இந்த இடத்தில்தான்.

அலை உண்டு, மீடிறன் தவறு

தவறான மீடிறனைச் சரியான மீடிறனால் வகுத்துப் பாருங்கள். அந்த விகிதமே காரணத்தைச் சொல்லிவிடும். 137.5 கிலோஹேர்ட்ஸ் கேட்டு 33 கிடைத்தால் விகிதம் 0.24, அதாவது 30ஐ 125ஆல் வகுத்தது: உங்கள் பலகையில் இருப்பது 30 மெகாஹேர்ட்ஸ் பளிங்குடைய ஏடி9851, ஆறுமடங்குப் பெருக்கி இயங்கவில்லை, நிரலோ 125 மெகாஹேர்ட்ஸ் என்று நம்புகிறது. 198 கிடைத்தால் பெருக்கி இயங்கி 180 மெகாஹேர்ட்ஸ் ஆகியிருக்கிறது. எவ்வித ஒழுங்கான விகிதமும் இல்லையெனில், பிற்றுகள் தலைகீழாகப் போகின்றன. ஏடி9850 மிகக் குறைந்த பெறுமானமுள்ள பிற்றையே முதலில் எதிர்பார்க்கிறது.

டீடீஎஸ்ஸுக்குப் பதிலாக எஸ்ஐ5351 என்ற கடிகாரச் சில்லைக் கொண்டு கட்டியவர்களுக்கு 2, 4, 8 மடங்கு உயர்ந்த மீடிறன் வரும். அதன் இறுதிக் கட்டப் பிரிப்பான் அமைக்கப்படாததே காரணம். உள்ளலையம் 600 மெகாஹேர்ட்ஸ், நடுப்பிரிப்பான் அதிகபட்சமாக 2048 என்று வைத்தாலும் 293 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே இறங்க முடியாது என்பதைக் கணக்கிட்டாலே தெரியும்.

மீடிறன் ஏறக்குறையச் சரி, ஆனால் ஹேர்ட்ஸின் சிறு பின்னங்கள் பொருந்தவில்லை என்றால் கணக்கின் நுட்பத்தைக் கவனியுங்கள். 125 மெகாஹேர்ட்ஸில் ஏடி9850இன் ஒரு படி 0.0291 ஹேர்ட்ஸ், 137.5 கிலோஹேர்ட்ஸுக்கு அனுப்ப வேண்டிய எண் 4724464. ஆனால் எட்டுப் பிற்று ஆர்டுயினோவில் மிதவைப் புள்ளி எண்கள் 24 பிற்று நுட்பமே கொண்டவை என்பதால், 475.7 கிலோஹேர்ட்ஸில் எண்ணே 0.03 ஹேர்ட்ஸ் படிகளாகத்தான் நகரும். பெருக்கல், வகுத்தல் ஒவ்வொன்றும் அதனை மேலும் கெடுக்கும். மீடிறனை மில்லிஹேர்ட்ஸில் முழு எண்ணாக வைத்து, 64 பிற்று முழு எண் கணக்கில் 2இன் 32ஆம் அடுக்கால் பெருக்கிய பின் வகுங்கள். இந்த ஒரு மாற்றம் பல மர்மங்களைத் தீர்க்கும்.

மீடிறன் மெல்ல நகர்கிறது

மலிவான பலகைகளில் உள்ள 125 மெகாஹேர்ட்ஸ் அலையம் கைச்சூட்டை எட்டிய பின்னரே அமைதியடைகிறது. மில்லியனில் ஒரு பங்கு மாற்றம் 137.5 கிலோஹேர்ட்ஸில் 0.14 ஹேர்ட்ஸ் மட்டுமே. குரலுக்கு இது பொருட்டல்ல, ஆனால் ஒரு புள்ளியை நிமிடக்கணக்கில் நீட்டி அனுப்பும் கியூஆர்எஸ்எஸ் முறைக்கு அது கோடு வளைவதற்குப் போதும். அரை மணி நேரம் சூடேற விடுங்கள். மின்விசிறியின் காற்றும் யன்னல் வழிக் கடற்காற்றும் படாதபடி பலகையை மூடுங்கள். செலுத்தும் விசையை அழுத்தும்போது மட்டும் மீடிறன் தாவினால் குற்றம் வெப்பத்தினதன்று, வழங்கலினது. டீடீஎஸ் பலகைக்கெனத் தனியான ஒழுங்காக்கி வையுங்கள்.

அளவுதிருத்தத்துக்குச் சீனாவின் பிபிஎம் நேர நிலையம் 10 மெகாஹேர்ட்ஸில் நமக்கு உதவுகிறது. டீடீஎஸ்ஸைச் சரியாக 10 மெகாஹேர்ட்ஸுக்கு வைத்து, வாங்கியில் இரண்டும் கலந்து எழும்பித் தாழ்வதைக் கேளுங்கள். செக்கனுக்கு ஒரு முறை என்றால் பிழை மில்லியனில் பத்திலொரு பங்கு.

சதுர அலையின் விளிம்பு நடுங்குகிறது

இதுவே அதிகம் கவனிக்கப்படாத பிழை. பலகையில் உள்ள ஒப்பீட்டுச் சுற்று சைன் அலையைச் சதுரமாக்குகிறது. ஆனால் உச்சி முதல் அடி வரை 1 வோல்ற்று உயரமுள்ள அலை 137.5 கிலோஹேர்ட்ஸில் பூச்சியத்தைக் கடக்கும் வேகம் மைக்ரோசெக்கனுக்கு 0.43 வோல்ற்று மட்டுமே. இவ்வளவு மெதுவாகக் கடக்கும் அலையின் மீது, பலகையின் 70 மெகாஹேர்ட்ஸ் வடிகட்டி தடுக்காமல் விடும் கடிகார எச்சங்கள் ஏறி அமர்வதால், ஒரே கடப்பில் இரண்டு மூன்று விளிம்புகள் தோன்றுகின்றன. ஒசிலோஸ்கோப்பில் விளிம்பு தடித்த கோடாகத் தெரியும். பின்னால் பிரிப்பான் இருந்தால் அது தவறாக எண்ணும். மொஸ்ஃபெற் காரணமின்றிச் சுடும்.

தீர்வு இரண்டு. ஒப்பீட்டுச் சுற்றுக்கு முன்னால் ஒரு மெகாஹேர்ட்ஸ் அளவில் வெட்டும் எளிய வடிகட்டி வைப்பது ஒன்று. மற்றொன்றே என் தெரிவு: டீடீஎஸ்ஸை நான்கு மடங்கு உயர்வான 550 கிலோஹேர்ட்ஸில் ஓட்டி, 74எச்சி14 வழியாகத் துப்புரவாக்கி, 74எச்சி74இன் இரு பிரிப்பான்களால் நான்காகப் பிரிப்பது. அலை வேகமாகக் கடக்கும், போலி அலைகள் பிரிப்பில் 12 டெசிபெல் தாழும், இரு பாதிகளும் சரிசமமாகும், எதிரெதிர் அவத்தையிலான இரு வெளியீடுகள் இலவசமாகக் கிடைக்கும். இரு மொஸ்ஃபெற்கள் மாறிமாறி இயங்கும் தள்ளு-இழு விரியலாக்கிக்கு வேறென்ன வேண்டும்?

மொஸ்ஃபெற் சுடுகிறது அல்லது எரிகிறது

ஐஆர்எஃப்540 போன்றவற்றை 5 வோல்ற்றுத் தர்க்க வெளியீட்டால் நேரடியாக இயக்கினால், அவை பாதி திறந்த நிலையிலேயே நின்று சூட்டை விழுங்கும். கேற்றுக்கு 10 முதல் 12 வோல்ற்று வேண்டும். டிசி4422 போன்ற இயக்கிச் சில்லு இதற்கென்றே உள்ளது. கேற்றில் ஒசிலோஸ்கோப்பை வைத்து, இரு மொஸ்ஃபெற்களும் ஒரே கணத்தில் திறந்திருக்கும் இடைவெளி இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

விசையை அழுத்திய தருணத்திலோ நிரலை மீளமைக்கும்போதோ எரிந்தால், அலை நின்றபோது கேற் உயர்ந்த நிலையிலேயே தங்கியிருக்கிறது என்று பொருள். அந்நேரம் மொஸ்ஃபெற் வழங்கலுக்குக் குறுக்கே போட்ட கம்பியாகிவிடும். ஒரு கொள்ளளவி வழியாக அலையை ஊட்டி, இருவாயி ஒன்றால் அடிமட்டத்தை நிறுத்தி, 10 கிலோஓம் தடையியால் கேற்றைப் புவிக்கு இழுத்து வையுங்கள். அலை நின்றால் கேற்றும் தாழும்.

மொஸ்ஃபெற்றின் வெளியீட்டு முனையான ட்ரெயினின் வோல்ற்றளவையும் மறக்க வேண்டாம். தள்ளு-இழு சுற்றில் அது வழங்கலின் இரு மடங்கு, ஈ வகுப்பு விரியலாக்கியில் ஏறத்தாழ 3.6 மடங்கு, அன்ரனா பரிவிலிருந்து விலகினால் இன்னும் மேலே போகும். முதற் சோதனைகளை எப்போதும் மின்னோட்ட வரம்புள்ள வழங்கலில், போலிச்சுமையில் செய்யுங்கள்.

வடிகட்டி சுடுகிறது, அயல்வீட்டு வானொலி சீட்டியடிக்கிறது

வடிகட்டி சுடுவதற்குப் பொருள்களே காரணம். பழைய கணினி வழங்கியிலிருந்து எடுத்த மஞ்சள்-வெள்ளை வளையங்கள் இந்த வேலைக்கு ஆகா. சிவப்பு நிறமுள்ள 2ஆம் வகை இரும்புத்தூள் வளையங்கள் வேண்டும். கொள்ளளவிகள் பொலிபுரொப்பிலீனாக இருக்கட்டும். பெறுமானம் நியாயமானதா என்று பார்க்க ஓர் அளவுகோல்: 50 ஓமுக்கு 137.5 கிலோஹேர்ட்ஸில் 58 மைக்ரோஹென்றியும் 23 நனோஃபரட்டும், 475 கிலோஹேர்ட்ஸில் 17 மைக்ரோஹென்றியும் 6.7 நனோஃபரட்டும். டி130-2 வளையத்தில் 58 மைக்ரோஹென்றிக்குச் சுமார் 73 சுற்றுகள் வரும்.

சதுர அலை விரியலாக்கியில் ஒற்றை இசையங்கள், அதாவது அடிப்படை மீடிறனின் 3, 5, 7 போன்ற மடங்குகள், பலமானவை. 137.5இன் ஏழாம் இசையம் 962.5 கிலோஹேர்ட்ஸ், 963இல் நிலையம் ஒன்று ஒலித்தால் அதனோடு சேர்ந்து 500 ஹேர்ட்ஸ் சீட்டியாகக் கேட்கும். ஆனால் 475 கிலோஹேர்ட்ஸில் செலுத்தும்போது அயலவரின் பழைய வானொலி முழுப் பட்டையிலும் குழம்பினால், உங்கள் வடிகட்டி குற்றமற்றதாயும் இருக்கலாம்: அவ்வானொலிகளின் இடைநிலை மீடிறன் 455 கிலோஹேர்ட்ஸ், உங்கள் அலை அதற்கு மிக அருகில் நேரே புகுந்துவிடுகிறது. செய்தியையும் மரண அறிவித்தலையும் வானொலியிலேயே கேட்கும் முதியவர்கள் உள்ள தெருவில் இது சிறிய விடயமல்ல. நேரத்தை மாற்றுங்கள், அவரது வானொலிக்கு ஒரு தடுப்புச் சுற்றைச் செய்து கொடுங்கள்.

சக்தியைக் கூட்டியதும் நிரல் உறைகிறது

போலிச்சுமையில் ஒழுங்காக ஓடி அன்ரனாவில் மட்டும் உறைந்தால், சுருளுக்கருகிலுள்ள பலமான மின்புலமோ, புவிக்கம்பி வழியே திரும்பி வரும் ஓட்டமோ கட்டுப்படுத்திக்குள் புகுகிறது. வடங்களில் மாட்டும் சிறிய பெரைற் மணிகள் மேல் மீடிறன்களுக்கானவை; 137 கிலோஹேர்ட்ஸில் அவை வெறும் அலங்காரம். மங்கனீசு-நாகப் பெரைற்றாலான பெரிய வளையத்தில் வடத்தைப் பல சுற்றுகள் சுற்ற வேண்டும். அதனினும் சிறந்தது, இரு சுற்றுகளும் மின்னியல்ரீதியாகப் பிரிந்த நிலைமாற்றி ஒன்றை வெளியீட்டில் வைத்து, அன்ரனாவின் புவியை வீட்டு மின்னிணைப்பின் புவியிலிருந்து பிரித்துவிடுவது. பலகையை உலோகப் பெட்டிக்குள் வைத்துப் பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். உறைவது நின்றால் வழி தெரிந்துவிட்டது.

அன்ரனாவில் ஓட்டம் இல்லை, அல்லது காலநிலையோடு மாறுகிறது

இந்தப் பகுதியிலேயே செலுத்தியின் தலைவிதி முடிவாகிறது என்பதால், இங்கே பொறுமை வேண்டும். இரண்டு தென்னைகளுக்கிடையே 12 மீற்றர் உயரத்தில் 30 மீற்றர் கிடைக்கம்பியைக் கட்டி ஒரு முனையிலிருந்து இறக்கினால், நிலைக்குத்துக்கு மீற்றருக்கு 6, கிடைக்கு 5 பிக்கோஃபரட் என்ற பொதுக் கணக்கில் 222 பிக்கோஃபரட் வரும். பரிவுக்கு 137.5 கிலோஹேர்ட்ஸில் 6 மில்லிஹென்றியும், 475.7இல் அரை மில்லிஹென்றியும் வேண்டும். சுருள் இதிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தால், எவ்வளவு சக்தி ஊட்டினாலும் ஓட்டம் வராது. அன்ரனாவின் அடியை ஒரு பெரைற் வளையத்தினூடாகச் செலுத்தி, வளையத்தில் 50 சுற்றுச் சுற்றி 50 ஓம் தடையியை இணைத்தால், ஒவ்வோர் அம்பியருக்கும் ஒரு வோல்ற்று கிடைக்கும். இந்த ஓட்டமானியே உங்கள் சிறந்த கருவி.

எதிர்பார்க்க வேண்டியது என்ன? இத்தகைய அன்ரனாவின் கதிர்ப்புத் தடை 0.03 ஓம் அளவே. மீதியெல்லாம் சுருளிலும் மண்ணிலும் போகும் இழப்பு. 100 வாற்றில் 1.3 அம்பியர் ஓடினால் மொத்தத் தடை 60 ஓம், வெளியே கதிர்ப்பது ஏறக்குறைய 55 மில்லிவாற்று. இது பிழையல்ல, இந்தப் பட்டையின் இயல்பு. அதே நேரத்தில் சுருளின் உச்சியில் 137.5 கிலோஹேர்ட்ஸில் ஓர் அம்பியருக்கே 7 கிலோவோல்ற்றுக்கு மேற்பட்ட உச்ச வோல்ற்றளவு நிற்கும். பிள்ளைகளின் கைக்கும் ஆடுமாடுகளின் வாய்க்கும் எட்டாதபடி அதைச் சுற்றி வேலி வையுங்கள்.

வாடைக் காற்று வீசும் மாதங்களில் ஓட்டம் குறைந்து பரிவு கீழே சரிந்தால், காவலிகளையும் கயிற்றையும் பாருங்கள். உப்பும் ஈரமும் ஏறிய நைலோன் கயிறு மின்னைக் கடத்தத் தொடங்கி, பின்னர் கருகி அறும். இரவில் கம்பி முனையில் நீல ஒளியோ சீறலோ இருந்தால் ஐயமே வேண்டாம். மீன்பிடிக்கும் தடித்த தங்கூசியை முனைகளில் ஒரு மீற்றர் நீளத்துக்கு இடையிட்டால் நீர் அதில் தங்காது. கம்பியின் கூர் முனையை வளையமாக மடித்துவிடுங்கள். சுருளை, மூடி கொண்ட பிளாஸ்ரிக் வாளி ஒன்றுக்குள் வைத்து, அடியில் காற்றோட்டம் விடுங்கள். மாதத்துக்கொரு முறை நன்னீரால் துடையுங்கள். ஓலைகள் கம்பியைத் தொடாதபடி வெட்டுவது கட்டாயம், நனைந்த ஓலை சக்தியை உறிஞ்சும்.

மழையில்லாத கச்சான் காலத்தில் ஓட்டம் குறைந்தால் காரணம் மண்ணில். எழுவான்கரையில் மேல்மணல் காய்ந்து காவலியாகிவிட்டாலும், சில மீற்றர் ஆழத்தில் உவர்நீர் உண்டு. குழாயை அந்த நீர்மட்டம் வரை இறக்குங்கள். வாவியை ஒட்டிய வளவு உள்ளவர்கள் கம்பிகளை நீருக்குள்ளேயே இறக்கலாம், அத்தகைய புவித்தொடுப்பு இந்நாட்டில் எளிதில் வாய்க்காது. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் நிலைமை வேறு: பெரும்போகத்தில் வயல் நீர் நிற்கும்போது இழப்புத் தாழும், சிறுபோக அறுவடைக்குப் பின் நிலம் வெடிக்கும்போது உயரும், ஆகவே அங்கே கம்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே வழி. எங்கே ஆனாலும் செப்புக் கம்பியை நாகம் பூசிய குழாயில் நேரே முறுக்கினால், உப்பு அந்த மூட்டை ஒரு மாரியிலேயே தின்றுவிடும். மூட்டைச் சுரண்டி, இறுக்கி, கிறீஸ் பூசிய பின் ஓட்டம் ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். புதிய கம்பி புதைப்பது அதன் பிறகே.

இடி முழங்கும் ஒக்டோபர், ஏப்ரில் பிற்பகல்களில் அன்ரனாவைச் செலுத்தியிலிருந்து கழற்றிப் புவிக்கு இணைத்துவிடுங்கள்.

விஸ்பர் சமிக்ஞை திரையில் தெரிகிறது, வாசிக்கப்படவில்லை

மிகச் சிறு சக்தியில் அனுப்பிக் கணினியால் வாசிக்கப்படும் விஸ்பர் முறையில் 162 குறியீடுகள், ஒவ்வொன்றும் 0.6827 செக்கன், தொனிகளுக்கிடையே 1.4648 ஹேர்ட்ஸ், இரட்டைப்படை நிமிடம் பிறந்து ஒரு செக்கன் கழித்துத் தொடங்க வேண்டும். கோடு தெளிவாக இருந்தும் வாசிக்கப்படாவிட்டால் பெரும்பாலும் நேரமே காரணம். ஒவ்வொரு குறியீட்டுக்கும் 683 மில்லிசெக்கன் தாமதம் என்று எழுதி, அதற்கு மேலாகத் திரையைப் புதுப்பிக்க 20 மில்லிசெக்கன் செலவழித்தால், முடிவில் மூன்று செக்கன்களுக்கு மேல் பின்தங்கிவிடும். தாமதக் கட்டளையை நீக்கி, தொடக்க நேரத்திலிருந்து ஒவ்வொரு குறியீட்டின் நேரத்தையும் கணக்கிடுங்கள்.

ஒவ்வொரு குறியீட்டின் தொடக்கத்திலும் பக்கங்களில் தெறிப்பு எழுந்தால், நிரல் ஒவ்வொரு முறையும் சில்லை மீளமைக்கிறது. டீடீஎஸ் அவத்தை முறியாமல் மீடிறனை மாற்றக்கூடியது. புதிய எண்ணை மட்டும் அனுப்பினால் போதும். ஏடி9850இல் நான்கு தொனிகளுக்கும் அடிப்படை எண்ணோடு 0, 50, 101, 151 என்று கூட்டுங்கள். 50ஐ மூன்று முறை கூட்டி 150 ஆக்குவதை விட இது நெருக்கமானது. நான்காகப் பிரிக்கும் சுற்று இருந்தால் இந்த எண்களும் நான்கு மடங்காக, 0, 201, 403, 604 என்று அமைய வேண்டும்; அதனை மறந்தால் தொனிகள் நாலிலொரு பங்காகச் சுருங்கி, திரையில் அழகான ஒற்றைக் கோடாகத் தெரியுமே தவிர எவராலும் வாசிக்கப்படாது.